விசுவாசமா? நற்செய்கையா?

கீழ்வேளூரிலிருந்து ஒரு கிறிஸ்தவத் தோழர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். தமது பெயரையும், தமது சபையின் பெயரையும் வெளியிட வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டிருப்பதால் அவைகளை விட்டுவிட்டு விஷயத்தை மாத்திரம் எடுத்துக் கொள்ளுகின்றோம். அவருடைய தகப்பனார் நாற்பது வருஷகாலம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவராம். அறுப்புக் கூலியாக வந்த நெல்லில் முதல் மரக்காலைக் காணிக்கையாகக் கொடுத்து வந்தவராம். அவர் இறந்தபொழுது பாதிரியார் பிணத்தின் தலைமாட்டில் நின்று, இவர் விசுவாசத்தினால் இரட்சிக்கப்பட்டுவிட்டார், இந்நேரம் ஆண்டவர் சந்நிதியில் இருப்பார் என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்தாராம். பிரசங்கம் முடிந்ததும் பெட்டியைச் சபையின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போகாமல், "அந்தத் தெருவாருக்கு" என்று வாய்க்கால் ஓரத்தில் ஒதுக்கியிருக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்களாம். "மோட்சத்தில் எல்லாருக்கும் ஒரே இடம், மண்ணில் மாத்திரம் இரண்டு இடமா? எங்கள் மதத்தில் விசுவாசம் பெரிதா, நற்கிரியை பெரிதா என்று நீங்களாவது எழுதுங்கள்" என்று அத்தோழர் கேட்கின்றார்.

நாம் எந்த மதத்துக்கும் வக்கீல் அல்ல. எந்த வேதத்துக்கும் வியாக்கியானம் செய்து பிழைக்க வேண்டிய அவசியமும் நமக்கில்லை. ஆனாலும் இக்கேள்வி வேத விசாரணைக்காரர் பொழுதுபோக்குக்காகப் பேசிக்கொள்ளும் கேள்வியல்ல. ஒரு மனிதனை எந்த மண்ணில் புதைப்பது என்பது வரையில் வந்து நிற்கின்ற கேள்வியாகும். ஆதலால் அறிவுக்கு எட்டியவரை விசாரிப்போம்.

முதலாவது, அவர்கள் வேதத்திலேயே இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. பவுல் என்பவர் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தில், மனிதன் நீதிமானாவது நியாயப்பிரமாணக் கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினால்தான் என்று வாதிக்கின்றார். யாக்கோபு என்பவர் தம் நிருபத்தில், பசித்து வந்தவனுக்குச் சோறு போடாமல் சமாதானத்தோடே போய் வா என்று வாயால் சொல்லி அனுப்புவதில் என்ன பிரயோசனம் என்று கேட்டு, செய்கையில்லாத விசுவாசத்தை உயிர்போன உடலுக்கு ஒப்பிடுகின்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், இருவரும் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பது ஒரே ஆபிரகாமைத்தான்! விசுவாசித்ததால் அவர் நீதிமானானார் என்பது பவுல் கட்சி. பெற்ற மகனைப் பலியிடக் கத்தியை எடுத்த அந்தச் செய்கையினால் நீதிமானானார் என்பது யாக்கோபு கட்சி. ஒரே சாட்சி இரண்டு கட்சிக்கும் சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டாவது ஒப்புக்கொள்ளுமா என்பது ஒருபுறமிருக்க, பிள்ளையின் மேல் கத்தியை ஓங்குவது நற்கிரியை என்றால் துர்க்கிரியை என்பது எது என்று நாம் கேட்கின்றோம்.

இந்த இரண்டு நிருபங்களுக்கும் இடையிலுள்ள சந்தில்தான் ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்தது. போப்பின் ஆட்கள் காசு வாங்கிக்கொண்டு பாவ மன்னிப்புச் சீட்டு விற்ற அக்கிரமத்தை 1517ம் வருஷத்தில் மார்ட்டின் லூதர் எதிர்த்தார். அது மெச்சத்தக்க தைரியமே. ஆனால் அவர் 1522ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் பாஷையில் வெளியிட்டபொழுது, ரோமர் நிருபத்தில் "விசுவாசம்" என்ற இடத்தில் மூலத்தில் இல்லாத "மாத்திரம்" என்ற பொருளுடைய ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொண்டார். யாக்கோபின் நிருபத்தையோ வெறும் வைக்கோல் என்று தள்ளிப் பேசினார். கத்தோலிக்கர் 1547ல் டிரெண்ட் நகரச் சங்கத்தில், விசுவாசம் மாத்திரம் போதும் என்பவன் சபிக்கப்பட்டவன் என்று தீர்மானம் போட்டார்கள். கடைசியில் 1999ம் வருஷம் அக்டோபர் 31ந் தேதி ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் இரு திறத்தாரும் கூடி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன் சாரம், இரட்சிப்பு கடவுள் கிருபையால் விசுவாசத்தின் வழியாக வருகின்றது, நற்செய்கைகள் அதன் கனியாகப் பின்னால் வருகின்றன என்பதாகும். இந்த ராஜிக்கு வர 452 வருஷங்கள் பிடித்தன. அதற்குள் ஒருவரையொருவர் சபித்துக்கொண்டதற்கும், சபிப்பதோடு நில்லாமல் வெட்டிக்கொண்டதற்கும் கணக்கில்லை.

நிற்க, ஐரோப்பாவை விட்டு நமது பழைய தஞ்சை ஜில்லாவுக்கு வருவோம். விசுவாசத்தினால் மாத்திரமே இரட்சிப்பு என்ற லூதரின் உபதேசம் இந்தியாவில் முதன் முதல் கால் வைத்த இடம் நமது தரங்கம்பாடிதான். 1706ம் வருஷம் ஜூலை மாதம் சீகன்பால்க், புளுட்சோ என்ற இரு ஜெர்மன் பாதிரிமார் டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்டு அங்கு இறங்கினார்கள். சீகன்பால்க் தமிழ் கற்றார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சுப் போட்டார். 1718ல் புது எருசலேம் கோயிலைக் கட்டினார். இவைகளில் தமிழுக்கும் கல்விக்கும் உண்டான நன்மையை நாம் மறைக்கப் போவதில்லை. பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைப்பது பாவம் என்று சாஸ்திரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அப்பாதிரிமார் தரங்கம்பாடியில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்கள் என்பது சரித்திரம்.

ஆனால் ஜாதி விஷயத்தில் நடந்தது என்ன? கோயிலுக்குள்ளேயே உயர்ந்த ஜாதிக் கிறிஸ்தவர்களுக்கு ஓரிடமும், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கு வேறிடமும் ஏற்பட்டன. 1733ல் முதல் தமிழ்ப் பாதிரியாராக ஆரோன் என்பவரை அபிஷேகம் செய்தார்கள். அவர் வேளாளர். 1741ல் இரண்டாவது ஒருவரைத் தேட வேண்டி வந்தது. தஞ்சாவூர் மராட்டிய ராஜாவின் சேனையில் இருந்து, பின்பு அந்த உத்தியோகத்தை விட்டு உபதேசியாராகி, அநேகரைச் சபையில் சேர்த்திருந்த ராஜநாயக்கன் என்பவர் அப்பொழுது இருந்தார். அவருடைய விசுவாசத்தில் குற்றமில்லை, உழைப்பிலும் குற்றமில்லை. ஆனால் அவர் பறையர் வகுப்பில் பிறந்தவர். அவர் கையால் கொடுக்கும் அப்பத்தையும் ரசத்தையும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் வாங்கத் தயங்குவார்களே என்று பாதிரிமார் யோசித்து, தியோகு என்ற வேறொருவரை அபிஷேகம் செய்தார்கள். விசுவாசம் மாத்திரமே போதும் என்று உபதேசித்தவர்கள், ஒரு மனிதனைப் பாதிரியாராக்கும் சமயம் வந்தவுடன், விசுவாசம் போதாது, பிறப்பும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்பதல்லாமல் இதற்கு வேறு என்ன அர்த்தம்?

பின்னும் கேளுங்கள். தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில் புகழ் பெற்றிருந்த வேதநாயக சாஸ்திரியார் பெரிய பக்திமான். அவர் செய்த கீர்த்தனைகளைக் கிறிஸ்தவர்கள் இன்றைக்கும் பாடுகின்றார்கள். புதிய பாதிரிமார் கோயிலில் ஜாதி வித்தியாசத்தை எடுத்துவிட வேண்டுமென்று முயன்றபொழுது, அப்பக்திமானே 1829ல் ஜாதி வழக்கத்துக்கு அனுகூலமாக எழுதினார். 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் உடனே அடியோடு ஒழிய வேண்டுமென்று உத்தரவு அனுப்பினார். பலன் என்ன? தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறினார்கள். கிறிஸ்துவை விட்டார்களா? இல்லை. ஞானஸ்நானத்தை விட்டார்களா? இல்லை. ஜாதியை உடனே விடச்சொல்லி வற்புறுத்தாத லீப்சிக் மிஷனில் அநேகர் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் விசுவாசம் முன்னிருந்தபடியே இருந்தது. ஒரே பாயில் உட்காருவது என்ற ஒரு சிறு செய்கை மாத்திரம்தான் அவர்களால் முடியவில்லை!

அப்படியானால் இது லூதர் கட்சியின் குற்றம், கிரியையும் வேண்டும் என்கின்ற கத்தோலிக்கரிடத்தில் இக்குறை இராது என்று யாராவது சொல்லக்கூடும். அதையும் பார்த்துவிடுவோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் 1872ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலை, கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரண்டு கூடமாகக் கட்டி, ஒன்றில் வேளாளர் முதலானோரும் மற்றொன்றில் நாடார்களும் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்த்துக் கும்பிட ஏற்பாடு செய்திருந்தார்கள். 1910ல் கவுசானல் என்ற பாதிரியார் நடுச்சுவரை இடித்தார். உடனே மேல்ஜாதியார், தங்களுக்குச் சுவர் வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். இது பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. 2008ம் வருஷம் மார்ச்சு மாதம் விழுப்புரம் ஜில்லா எறையூரில், தங்களைத் தாழ்வாக நடத்தும் பங்குக்கோயிலிலிருந்து பிரித்துத் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று ஆதிதிராவிடக் கத்தோலிக்கர் கேட்டார்கள். அதிலிருந்து கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டார்கள். இந்தியக் கத்தோலிக்க பிஷப்புமார்களே 2016ல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் இத்தனை நூற்றாண்டுகளாக வேண்டும் வேண்டும் என்று சொல்லிவந்த நற்கிரியை எங்கே போயிற்று?

அது எங்கே போயிற்றென்று தெரிந்துகொள்ள ஆவணி மாதத்தில் நமது பக்கத்து ரஸ்தாக்களைப் பார்த்தால் போதும். ஆகஸ்டு 29ந் தேதி கொடியேறி செப்டம்பர் 8ந் தேதி முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்காகக் காவித்துணி கட்டிக்கொண்டு, கால் கொப்புளிக்க எத்தனையோ மைல் நடந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் போகின்றார்கள். மெழுகுவர்த்தி, மொட்டை, உருவம் செய்து போடுதல், முழங்காலால் நடத்தல் ஆகிய இவைகள்தான் "கிரியை" என்று ஜனங்களுக்குத் தெரியும். அவர்கள் மூடர்கள் என்று நாம் சொல்லவில்லை. கஷ்டம் வந்தவன் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கின்றான். ஆனால் இச்செய்கைகளில் ஒன்றாவது அடுத்த வீட்டுக்காரனுக்குச் சோறாகவோ, துணியாகவோ, மரியாதையாகவோ போய்ச் சேருகின்றதா என்றுதான் கேட்கின்றோம். மதத்தின் கையில் அகப்பட்ட "நற்செய்கை" மனிதனுக்குச் செய்வது என்பதிலிருந்து நழுவி, கடவுளுக்குச் செய்வது என்பதாக ஆகிவிடுகின்றது. விசுவாசம் மாத்திரம் போதும் என்ற கட்சியில் ஜாதிக்காரன் செய்கையை விட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டான். கிரியையும் வேண்டும் என்ற கட்சியில் சடங்கைச் செய்துவிட்டுத் தப்பித்துக்கொண்டான். வழி இரண்டாயினும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே.

2004ம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்ததை நமது ஜில்லாவார் மறந்திருக்க மாட்டார்கள். நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் தொழ வந்தவர்களும் ஊராருமாக நூற்றுக்கணக்கானவர் போனார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, இது பெரிய அற்புதம் என்று உடனே பிரசாரம் கிளம்பிற்று. உள்ளே இருந்தவனைக் காப்பாற்றியது விசுவாசமானால், அதே விசுவாசத்தோடு கரையில் நின்றவனை வாரிக்கொண்டு போனது எது? இதற்குப் பதில் சொல்பவர் யாருமில்லை. ஆனால் அந்த நாட்களில் மெய்யான அற்புதம் ஒன்று நடந்தது. முஸ்லிம் வாலிபர்கள் அழுகிய பிணங்களை ஜாதி மதம் பாராமல் தூக்கி அடக்கம் செய்தார்கள். பல ஊர் நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்கள் வந்து, பிறர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய இடத்தில் இறங்கி வேலை செய்தார்கள். மாண்டவன் எதை விசுவாசித்தான் என்று அவர்கள் கேட்கவில்லை. அதே சமயத்தில் நிவாரண முகாம்களில் ஆதிதிராவிடர்கள் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்று விசாரித்தவர்கள் எழுதியிருக்கின்றார்கள். பிணத்தைத் தூக்க அக்கைகள் வேண்டும், கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்பது எந்த மதத்துக்குச் சேர்ந்த விசுவாசமோ தெரியவில்லை.

இனி நம்மிடம் கிறிஸ்தவ நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு சமாதானம் உண்டு. மெய்யான விசுவாசம் நல்ல மரம், நல்ல மரம் நல்ல கனியைத் தானே கொடுக்கும், கனி கொடாவிட்டால் அது மெய்யான விசுவாசமல்ல என்கின்றார்கள். நல்லது, அப்படியே வைத்துக்கொள்வோம். மரம் நல்லதா என்று கனியைக் கொண்டுதானே தெரிந்துகொள்ள வேண்டும் என்கின்றீர்கள்? அப்பொழுது கனிதானே பிரமாணம்? உங்கள் மரமில்லாத தோட்டத்திலும் அதே கனி பழுத்திருந்தால் என்ன சொல்வீர்கள்? கிறிஸ்துவை அறியாதவனும், கடவுளே இல்லை என்பவனும் பசித்தவனுக்குச் சோறிட்டு, நோயாளியைப் பார்த்து, ஒடுக்கப்பட்டவனோடு சேர்ந்து நின்றால், அவன் நரகத்துக்கும், கல்லறையில் சுவர் எழுப்பின விசுவாசி மோட்சத்துக்கும் போவது நியாயமா? நியாயமல்ல என்றால் விசுவாசம் அவசியமில்லை என்று ஏற்படுகின்றது. நியாயந்தான் என்றால் அப்படிப்பட்ட மோட்சம் யோக்கியமான மனிதன் போகத்தக்க இடமல்ல என்று ஏற்படுகின்றது.

இதை நாத்திகர் குதர்க்கம் என்று தள்ளுவார்களானால் அவர்கள் மத்தேயு சுவிசேஷத்தின் 25ம் அதிகாரத்தைப் பிரித்துப் பார்க்கட்டும். அதில் கடைசித் தீர்ப்பு நாளைப்பற்றி ஒரு வருணனை இருக்கின்றது. அங்கே நீதிபதி கேட்கும் கேள்விகளில் எதை விசுவாசித்தாய், எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றாய் என்பது ஒன்றுகூட இல்லை. பசித்தவனுக்கும், தாகமுள்ளவனுக்கும், அந்நியனுக்கும், துணியில்லாதவனுக்கும், நோயாளிக்கும், சிறைப்பட்டவனுக்கும் என்ன செய்தாய் என்பது ஒன்றே விசாரணை. வலது பக்கம் நிற்பவர்களுக்கோ, தாங்கள் ஆண்டவருக்கு ஊழியம் செய்தோம் என்பதே தெரியாது! தீர்ப்பு நாள் என்று ஒன்று வரும் என்று நாம் நம்பவில்லை. ஆனால் அதை நம்புகின்றவர்கள் அந்த அதிகாரத்தைப் படித்த பிறகும் கல்லறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கின்றார்களே, அதுதான் நமக்கு ஆச்சரியமாயிருக்கின்றது.

கிறிஸ்தவர்கள் செய்த நன்மைகளை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஏற்படுத்திய ஆஸ்பத்திரியும், ஊருக்கு ஊர் ஏற்பட்ட பள்ளிக்கூடங்களும், குஷ்டரோகியைத் தொட்டுச் சிகிச்சை செய்த கைகளும் நமது நாட்டுக் கோயில் சொத்துக்கள் அத்தனையும் செய்யாத வேலையைச் செய்திருக்கின்றன. ஆனால் அவைகளைப் பாராட்டும்பொழுது நாம் பாராட்டுவது செய்கையைத்தான். பிழைத்தெழுந்த நோயாளி டாக்டரின் கையை நினைக்கின்றான், ஞானஸ்நானச் சீட்டை அல்ல. அதேபோல், 1968ம் வருஷம் டிசம்பர் 25ந் தேதி இரவு, உலகமெங்கும் கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்த அதே இரவில், நமது கீழ்வேளூரை அடுத்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டு நின்ற உழவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்களே, அதற்குப் பின் இந்தப் பக்கத்துக்கு வந்து, உழுகின்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதிகள். அவர்கள் காந்தியார் வழி வந்த பக்தர்கள். நாம் பக்தியை ஒப்புக்கொள்ளாதவர்கள். ஆனாலும் நிலம் பெற்ற ஒரு தாய் தன் வயலில் தனக்கென்று நாற்று நடுவதைப் பார்த்தால் நமக்கும் அவர்களுக்கும் தகராறே இல்லை. செய்கையில் மனிதர் சேருகின்றார்கள், விசுவாசத்தில்தான் பிரிகின்றார்கள்.

இதைப் படிக்கும் இந்து நண்பர்கள், பாதிரிமாருக்கு நல்ல அடி என்று சந்தோஷப்பட வேண்டாம். கும்பகோணத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை ஒரு குளத்தில் முழுகினால் சகல பாபமும் போகும் என்று சொல்லும் மதத்துக்கு இதைப்பற்றிப் பேசவே யோக்கியதை இல்லை. கடிதம் எழுதிய தோழரின் முன்னோர் எதனால் கிறிஸ்தவரானார்கள்? 1947ம் வருஷத்திய ஆலயப் பிரவேச சட்டம் வரும்வரையில் அவர்கள் போன்றாருக்குக் கோயில் கோபுரத்தைத் தூரத்தில் நின்று பார்ப்பதே பாத்தியமாக இருந்தது. கிறிஸ்தவர் கோயிலில் உள்ள ஜாதிச் சுவர் ரோமாபுரியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ கப்பலில் வந்ததல்ல. அதன் செங்கல் இந்து மதத்தின் சூளையில் சுட்டதேயாகும். பாதிரிமாரின் குற்றம், அதைத் தங்கள் வீட்டுக்குள் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான்.

சர்க்காரும் இந்த விசுவாச வியாபாரத்துக்கு விலக்கல்ல. 1950ம் வருஷத்தில் ராஷ்டிரபதி பிறப்பித்த உத்தரவின்படி, ஆதிதிராவிடன் ஒருவன் இந்துவாக இருந்தால்தான் ஷெடியூல்டு வகுப்பான். 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் அதில் சேர்த்தார்கள், கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் விட்டுவிட்டார்கள். அதாவது, விசுவாசம் மாறின அன்றே ஜாதி போய்விட்டது என்பது சட்டத்தின் சித்தாந்தம்! டீக்கடைக்காரன் போக்கு மாறினதா, மிராசுதார் பேச்சு மாறினதா, கல்லறைச் சுவர் விழுந்ததா என்ற செய்கைகளைச் சட்டம் விசாரிக்கவில்லை. ஆகவே நமது தோழருக்குச் சபையிலும் நஷ்டம், சர்க்காரிலும் நஷ்டம். சபையில் அவர் பறையர், சர்க்காரில் அவர் கிறிஸ்தவர்.

ஆதலால் தோழருக்கு நமது பதில் இதுதான். விசுவாசம் பெரிதா, நற்செய்கை பெரிதா என்று உங்கள் பாதிரியாரிடத்தில் கேட்காதீர்கள். கேட்டால் அவர் பவுலை எடுப்பார், யாக்கோபை எடுப்பார், ஆக்ஸ்பர்க் அறிக்கையை எடுப்பார், பொழுதும் போய்விடும். அதற்குப் பதிலாக நான்கு கேள்விகள் கேளுங்கள். கல்லறை ஒன்றா, இரண்டா? பிணம் போகும் வண்டி ஒன்றா, இரண்டா? திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வருமா, வராதா? சபையில் பெண் கொடுத்துப் பெண் வாங்கலில் ஜாதி கேட்பீர்களா, மாட்டீர்களா? இந்த நான்குக்கும் யோக்கியமான பதில் செய்கையில் கிடைத்தால் உங்கள் விசுவாசத்தைப்பற்றி நமக்குச் சண்டையில்லை, வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், கல்லறைச் சுவரை இடிக்கக் கடப்பாரையோடு வரும் வாலிபன் கிறிஸ்தவனா, முஸ்லிமா, நாத்திகனா என்று பாராமல் அவனோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் தகப்பனார் மோட்சத்தில் இருக்கின்றாரா என்பது நமக்குத் தெரியாது. வாய்க்கால் ஓரத்தில் இருக்கின்றார் என்பது நிச்சயம். அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை அங்கே இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.